வண்டி நிற்கணும்னா ஸ்டாண்டு சரியா இருக்கணும்!



எங்கள் வீட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. காலையிலும் சாயங்காலமும் பால் கேனை ஏற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிற வண்டி அதுதான். சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் தளர்ந்து பல மாதம் ஆகியும் யாரும் கவனிக்கவில்லை. "கயிறு கட்டினா போதும்" என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் சரின்னு விட்டுட்டேன். ஒரு நாள் இடது பக்கம் திரும்பும்போது கயிறு அவிழ்ந்து ஸ்டாண்டு கீழே இறங்கி, தரையில் இடித்து வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டது. அவருக்கு முழங்காலில் அடி. கேன் பால் முழுக்க ரோட்டில். பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த மாதம் உள்கடன் தவணையும் கட்ட முடியவில்லை. ஆனால் புது ஸ்பிரிங் வாங்க ஒரு வேளை பால் காசுகூட ஆகவில்லை!

அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

நம்ம ஊர் வண்டிகள்

இரண்டு பேர் உட்கார்ந்து போகிற டி.வி.எஸ். 50 மொபெட் 1980ஆம் ஆண்டு நம்ம ஓசூரிலிருந்துதான் வந்தது. ஜப்பான் சுசூகி கம்பெனியோடு சேர்ந்து 100 சிசி மோட்டார் சைக்கிள் 1984இல் வந்தது. சாமுராய், மேக்ஸ் 100 எல்லாம் அந்தக் கூட்டில் வந்தவை. 2001இல் இரண்டு கம்பெனியும் பிரிந்துவிட்டன. ஆனாலும் இராயக்கோட்டைக்குத் தக்காளிக் கூடை, பாகலூர் பக்கம் பூ மூட்டை என்று பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. இன்றைய புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் இன்ஜின் ஓடாது. பழைய வண்டியில் அந்த வசதி கிடையாது. நம் கண்ணும் கையும்தான் காவல்.

ஸ்டாண்டு எப்படி வேலை செய்கிறது?

இதில் நான்கே பாகங்கள்: வண்டிச் சட்டத்தில் பற்றவைத்த காது, ஸ்டாண்டுக் கால், அது சுழலும் போல்ட், இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங். காலை மேலே மடக்கினால் ஸ்பிரிங் அதை மேல் பக்கமே இழுத்துப் பிடிக்கும். கீழே இறக்கி நடுவைத் தாண்டினால் முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் இரண்டு பக்கமும் பிடி இருக்காது.

எது கெட்டிருக்கிறது? இப்படிப் பாருங்கள்

1. ஸ்டாண்டை மடக்கி, கையால் லேசாகத் தட்டுங்கள். தானாக இறங்கினால் ஸ்பிரிங் போய்விட்டது.
2. காலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடன்னு ஆடினால் போல்ட்டோ துளையோ தேய்ந்திருக்கிறது.
3. வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய்ந்து நின்றால் கால் வளைந்திருக்கும், அல்லது அடிப்பாதம் தேய்ந்திருக்கும்.
4. காது இருக்கும் இடத்தில் மண்ணைத் துடைத்துப் பாருங்கள். மயிரிழை போல விரிசல் தெரிந்தால் வண்டியை அந்த ஸ்டாண்டில் நிறுத்தவே கூடாது.

ஸ்பிரிங் மாற்றும் முறை

வண்டியை சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லையென்றால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கணும். பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே நீளம், அதே கனம் பார்த்து வாங்குங்கள்.

புது ஸ்பிரிங்கை வெறுங்கையால் இழுத்து மாட்ட முடியாது. ஒரு எளிய வழி உண்டு. ஸ்பிரிங்கை ஒரு பக்கம் வளைத்து, விரியும் இடுக்குகளில் ஒரு ரூபாய் நாணயங்களைச் செருகுங்கள். மறுபக்கமும் வளைத்துச் செருகுங்கள். ஸ்பிரிங் நீண்டு நிற்கும். ஸ்டாண்டை மடக்கி வைத்து இரண்டு கொக்கியையும் மாட்டுங்கள். பிறகு ஸ்டாண்டை மெதுவாகக் கீழே இறக்கினால் ஸ்பிரிங் விரிந்து நாணயங்கள் உதிர்ந்துவிடும். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. முகத்தைத் தள்ளி வையுங்கள், மேலே ஒரு பழைய துணியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

போல்ட் தேய்ந்திருந்தால்

நட்டைக் கழற்றி போல்ட்டை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புது போல்ட் போட வேண்டும். துளையே முட்டை வடிவமாகப் போயிருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து, துளையைப் பெரிதாக்கி புஷ் அடிக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது கிரீஸ் தடவுங்கள். போல்ட்டை இறுக்கினாலும் ஸ்டாண்டு தடையில்லாமல் சுழல வேண்டும். அதன் பிறகு பூட்டு நட்டைப் போடுங்கள்.

பட்டறைக்குப் போகும் வேலை

காலை நிமிர்த்துவது, பாதம் பற்றவைப்பது, காது விரிசல் ஆகியவை வெல்டிங் வேலை. ஸ்டாண்டைத் தனியாகக் கழற்றிக் கொண்டுபோவதே நல்லது. காதில் பற்றவைக்க வண்டியே போக வேண்டுமானால் பெட்ரோல் டேங்க்கையும் பேட்டரியையும் முதலில் கழற்றச் சொல்லுங்கள். நீளத்தில் கவனம் தேவை. கால் நீண்டுவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று வலது பக்கம் சாய்ந்து விழும். குறைந்துவிட்டால் இடது பக்கம் படுத்துவிடும்.

நினைவில் வையுங்கள்

* சைடு ஸ்டாண்டு போட்டபடி வண்டிமேல் ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைக்காதீர்கள். போல்ட்டும் காதும் கெடுவதற்கு இது முக்கியக் காரணம்.
* பால் கேன், மூட்டை ஏற்றும்போது சென்டர் ஸ்டாண்டே போடுங்கள்.
* ஈரமண்ணில் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் வையுங்கள்.
* சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். கியரில் விட்டு நிறுத்துங்கள்.
* கிளம்பும் முன் குனிந்து ஒரு பார்வை: "ஸ்டாண்டு எடுத்தாச்சா?" பின்னால் உட்காருபவரும் கேட்கலாம்.

சகோதரிகளே, கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 1989இல் தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. கையெழுத்துப் போடத் தயங்கிய கைகள் இன்று கணக்குப் புத்தகம் எழுதுகின்றன. அந்தக் கைக்கு ஸ்பேனர் கனமா என்ன? வீட்டு வண்டி நம் குடும்பத்தின் சொத்து. அதைப் பார்த்துக்கொள்வதும் சேமிப்புதான்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் வண்டி இருக்கிறது? அதில் எத்தனை ஸ்டாண்டு கயிறு கட்டியது?
2. ஒரு ஸ்பேனர் செட், கிரீஸ் டப்பா வாங்கி குழுவுக்குப் பொதுவாக வைக்கலாமா?
3. அடுத்த கூட்டத்துக்கு ஒரு வண்டியைக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து சரிபார்ப்போமா?