கண்ணாடிக் கிண்ணத்திற் புற்றுக் கலங்கள்

புற்றுநோய் கண்டவரின் உண்கலத்தையும் படுக்கையையும் விலக்கிவைப்போர் சிலர் இன்றும் உளர். நோய் தம்மையும் தொற்றுமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். வைரசுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு எனக் கேள்வியுற்றோர்க்கு இவ்வச்சம் மேலும் பெருகுதல் இயல்பே. இது பொருந்துமோ என்பதைத் தெளிய வேண்டுமாயின், வைரசு புகுந்த கலம் எவ்வாறு மாறுகின்றது, அங்ஙனம் மாறிய கலம் எப்பொழுதும் கழலையை ஆக்குமோ என்னும் இரு வினாக்களை நாம் ஆராய்தல் வேண்டும்.

றவுசின் கோழி

1911ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரத்து றொக்பெலர் ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய பேற்றன் றவுஸ் என்பார், கோழியொன்றின் கழலையை அரைத்து, கலமோ பற்றீரியாவோ புகமுடியாத நுண்வடியினால் வடித்தெடுத்தார். அவ்வடிநீரை வேறு கோழிகளுக்கு ஊசிமூலம் ஏற்றியபோது அவற்றிலும் கழலை தோன்றிற்று. அதற்குக் காரணம் வைரசே எனப் பின்னர் தெளிவாயிற்று. எனினும், அது கோழிக்கு மாத்திரம் உரிய புதுமையென்றே பலர் கருதினர். 1966இல், தமது 87ஆம் அகவையிலேயே அவர் நோபெல் பரிசு பெற்றார்.

இயல்பான கலத்தின் ஒழுக்கம்

கல்லூரி ஆய்வுகூடத்தில் வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியூடாக நோக்கிய நண்பர்கள் கலம் யாதென்பதை மறந்திரார். விலங்குக் கலங்களை உடலினின்றும் பிரித்து, சத்துப்பொருள்களும் குருதி நீர்ப்பாயமும் கலந்த கரைசலில் இட்டு, உடலின் வெப்பநிலையில் வைத்தால் அவை கிண்ணத்திலும் வளரும். ஆயினும் அவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. இணைப்பிழையக் கலங்கள் கிண்ணத்தின் அடியிற் பற்றிப் படர்ந்து பெருகும். அயற்கலங்கள் நெருங்கி, கிண்ணம் ஒரே படையால் நிறைந்ததும் பெருக்கத்தை நிறுத்திக்கொள்ளும். பற்றிக்கொள்ளத் தளம் கிடையாவிடின் அவை பெருகா.

இவ்வொழுங்கை அளத்தற்கு உதவிய கலவழியொன்றைத் தொடாரோ, கிறீன் என்னும் இருவர் 1963இல் வெளியிட்டனர். எலி முளையத்தினின்றும் பெற்ற கலங்களை மூன்று நாளுக்கு ஒருமுறை, கிண்ணத்திற்கு மூன்று இலட்சமாகப் புதுக் கிண்ணங்களுக்கு மாற்றி வளர்த்தமையால் அது '3 தீ 3' எனப் பெயர்பெற்றது.

மாறிய கலத்தின் இயல்பு

1958இல் தெமின், ரூபின் ஆகியோர் கோழி முளையக் கலங்களில் றவுசின் வைரசை இட்டனர். வைரசு புகுந்த இடங்களிற் கலங்கள் உருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து சிறு குவியல்களாயின. அக்குவியல்களை எண்ணியே வைரசின் அளவைக் கணிக்க முடிந்தது. கழலையின் தொடக்கம் கிண்ணத்திற் கண்ணாற் காணத்தக்கதாயிற்று.

1964இல் மக்பேர்சன், மொந்தாஞியே ஆகியோர் வேறொரு சோதனை வகுத்தனர். மென்மையான ஏகார்க் கூழில் கலங்கள் பற்றுதற்குத் தளம் இல்லை. ஆங்கு இயல்பான கலம் பெரும்பாலும் பெருகாது நிற்க, பொலியோமா வைரசினால் மாறிய கலமோ பெருகித் திரளாயிற்று. குறைந்த நீர்ப்பாயத்திலும் வளர்தல் இத்தகைய கலங்களின் பிறிதோர் இயல்பு.

கிண்ணமும் உடலும்

கிண்ணத்தில் வரம்பு மீறிய கலம் உடலிலும் கழலையை ஆக்குமோ? ஆக்கியே தீரும் எனல் பொருந்தாது. வைரசினால் மாறிய கலம் புதிய புரதங்களைத் தாங்குவதால், உடலின் நிர்ப்பீடனம் அதனை அயலதென அறிந்து அழித்தல் கூடும். ஆதலின், கழலையாக்கும் ஆற்றலைச் சோதிப்போர் தைமசுச் சுரப்பியின்றிப் பிறக்கும் மயிரற்ற எலிகளைப் பயன்படுத்தினர். 1974இல் பிரீட்மன், சின் ஆகியோர் எஸ்.வி. 40 வைரசினால் மாறிய கலவழிகள் பலவற்றை இவ்வாறு ஒப்பிட்டனர். நெருங்கிக் குவிதலும் குறைந்த நீர்ப்பாயத்தில் வளர்தலும் கழலையாக்கத்தை உறுதியாக முன்னறிவிக்கவில்லை. பற்றுத்தளமின்றி வளரும் இயல்பே அதனோடு நெருங்கிப் பொருந்தியது. தோற்றத்தை மாத்திரம் நோக்கிக் கலத்தின் தன்மையைத் துணிதலாகாது என்பது இதனால் விளங்கும்.

வைரசு கொணர்ந்தது யாது?

1970இல் மாட்டின் என்பார் றவுசின் வைரசில் ஒரு விகாரியைக் கண்டார். அது புகுந்த கலங்கள் 36 பாகையில் மாறின. 41 பாகையில் இயல்பு நிலைக்கு மீண்டன. வைரசு பெருகுதல் மட்டும் இரு நிலைகளிலும் நிற்கவில்லை. ஆகவே, கலத்தை மாற்றுவதற்கென வைரசில் தனிப் பரம்பரையலகு ஒன்று உண்டு என்பது பெறப்பட்டது. 1976இல் பிசொப், வாமசு ஆகியோரும் துணைவரும் அவ்வலகிற்கு ஒத்தது நோயற்ற கோழியின் கலத்திலேயே உண்டெனக் காட்டினர். வைரசு முன்னொரு காலத்திற் கோழியிடமிருந்து கவர்ந்ததையே மாற்றித் திருப்பியளித்தது! அளவோடு இயங்கும்போது உயிரைப் பேணும் அலகே, அளவு கடந்தபோது உயிர்க்குப் பகையாகின்றது. இதற்கு 1989இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

முடிபு

இனி, தொடக்கத்து வினாவிற்கு மீள்வோம். புற்றுநோயாளியுடன் உண்பதாலோ அவரைத் தொடுவதாலோ புற்றுநோய் தொற்றாது. தொற்றுவன சில வைரசுகளே. அவை தொற்றியோரிலும் மிகச் சிலருக்கே, பெரும்பாலும் பல்லாண்டுகள் கழித்து, நோய் விளையும். மனித பப்பிலோமா வைரசு இதற்கு ஏற்ற சான்று. அதன் இரு புரதங்கள் கலப்பிரிவைக் காவல் செய்யும் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் இவ்வைரசின் பங்கை நிறுவிய சூர் ஹவுசன் 2008இல் நோபெல் பரிசு பெற்றார். 2006 முதல் தடுப்பூசி வழக்கிற்கு வந்தது. இலங்கையில் 2017 முதல் பாடசாலைச் சிறுமியர்க்கு அது இடப்படுகின்றது.

ஆகவே, நாம் விலக்கவேண்டியது நோயாளியை அன்று, அறியாமையையே. அவருக்கு அருகிருந்து அன்னம் பரிமாறுவோம். நம் பெண்மக்களுக்கு உரிய வயதில் தடுப்பூசி இடுவிப்போம். கோழியொன்றின் கழலையிற் தொடங்கிய கல்வி நமக்கு அளித்த பயன் இதுவேயாம்.