டெர்மினல் டிரைவரில் பூட்டுப் பிழையைத் திருத்துவது எப்படி?

லினக்ஸ் கர்னலின் டிடிஒய் (டெர்மினல்) பகுதியில் ரேஸ் கண்டிஷனைத் தேடும்போது, பூட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அது எந்தப் பொருளின் பூட்டு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2020 டிசம்பரில் திருத்தப்பட்ட சிவிஇ-2020-29661 என்ற பாதுகாப்புப் பிழை இதற்கு நல்ல பாடம். சூடோ டெர்மினலுக்கு மாஸ்டர், ஸ்லேவ் என இரண்டு முனைகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்ட்ரக்சர், தனி ஸ்பின்லாக். முன்னணி ப்ராசஸ் குழுவை மாற்றும் ஐஓசிடிஎல் எந்த முனையில் வந்தாலும், மாறுவது ஸ்லேவில் உள்ள பாயின்டர்தான். பழைய நிரலோ அழைப்பு வந்த முனையின் பூட்டைப் பிடித்தது. இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் அழைத்தால், இரண்டு த்ரெட்களும் ஆளுக்கொரு பூட்டோடு உள்ளே வந்துவிடும். பழைய பிஐடியின் ரெஃபரன்ஸ் கவுன்டை இரண்டுமே குறைக்கும். இன்னும் பயன்பாட்டில் உள்ள மெமரி விடுவிக்கப்பட்டுவிடும். சாதாரணப் பயனர் ரூட் அதிகாரத்தைப் பிடிக்க இப்படிப்பட்ட ஓட்டை ஒரு வழி.

முதல் வேலை காகிதத்தில். சந்தேகப்படும் ஃபீல்டை எழுதி, அதைப் படிக்கும், மாற்றும் எல்லா இடங்களையும் தேடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பிடித்திருக்கும் பூட்டையும் அது எந்த ஸ்ட்ரக்சருக்குள் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். ஃபங்ஷனுக்கு இரண்டு டிடிஒய் பாயின்டர்கள் வந்தால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்து, பிழையை வரவழையுங்கள். விர்ச்சுவல் மெஷினில், ரேஸ்களைக் கண்டறியும் கேசிசான் கருவியை இயக்கிய கர்னலை ஏற்றுங்கள். சோதனை நிரல் புதிய செஷன் தொடங்கி, ஸ்லேவைத் தன் கன்ட்ரோலிங் டெர்மினலாக்கிக்கொள்ளட்டும். ஒரு த்ரெட் மாஸ்டரிலும் மற்றொன்று ஸ்லேவிலும் குழுவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்டிடிஓயூ சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பின்னணிக்குப் போனதுமே நிரல் நின்றுவிடலாம், அல்லது அழைப்பு பிழையோடு திரும்பலாம். பிறகு, மெமரிப் பிழைகளைக் கண்டறியும் கேசான் இயக்கிய கர்னலில் இதையே ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே கர்னலில் சேர்க்க முடியாது.

கர்னலின் பூட்டுச் சரிபார்ப்புக் கருவியான லாக்டெப்பை மட்டும் நம்ப வேண்டாம். எந்த வரிசையில் பூட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியும், எந்தத் தரவைக் காக்கப் பூட்டினீர்கள் என்பது தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். ஃபீல்டை மாற்றும் இடத்தில் லாக்டெப்_அசெர்ட்_ஹெல்ட் வரியை, அந்த ஃபீல்டு இருக்கும் ஸ்ட்ரக்சரின் பூட்டைக் கொடுத்து எழுதுங்கள். மேலே சொன்ன பிழையை அந்த ஒரு வரி முதல் ஓட்டத்திலேயே காட்டியிருக்கும்.

திருத்தம் பெரும்பாலும் சிறியது. அந்த 2020 பிழைக்கு, பூட்டும் வரியிலும் திறக்கும் வரியிலும் பாயின்டரின் பெயர் மாறியது, அவ்வளவுதான்.

பூட்டே இல்லாத இடமானால், எந்த வகைப் பூட்டு என்று முடிவுசெய்ய வேண்டும். 2014இன் சிவிஇ-2014-0196இல், எக்கோ எழுதுவதும் ரா மோடில் பயனர் எழுதுவதும் ஒரே பஃபரில் மோதின. இரண்டும் ஒரே காலியிடத்தைத் தமக்கெனக் கணக்கிட்டன, பயன்பட்ட அளவு பஃபரின் எல்லையைத் தாண்டியது. எக்கோ ஏற்கெனவே பிடித்துவந்த அவுட்புட் மியூடெக்ஸையே ரா எழுத்துக்கும் பிடிக்கவைத்தார்கள். தூங்கக்கூடிய பாதைக்கு மியூடெக்ஸ் பொருந்தும். இன்டரப்ட் ஹேண்ட்லரும் தொடும் தரவுக்கு, இன்டரப்டை நிறுத்திப் பிடிக்கும் ஸ்பின்லாக் வேண்டும். ஸ்பின்லாக்கைப் பிடித்தபடி தூங்கக்கூடிய எதையும் அழைக்காதீர்கள்.

கடைசியாக, அதே சோதனை நிரலைத் திருத்திய கர்னலில் ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். டெர்மினலை மூடுவதையும் ஹேங்-அப் செய்வதையும் இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய பூட்டு வரிசை டெட்லாக்கில் முடிகிறதா என்பது அங்கேதான் தெரியவரும்.