அப்டேட் பாதியில் நின்றால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விண்டோஸ் 10, 11 இயங்கும் வீட்டுக் கணினியில் தானாக வரும் அப்டேட் ஐந்து கட்டங்களைக் கடக்கிறது. அந்தக் கணினிக்கு எது தேவை என்று தேடுவது முதல் கட்டம். பிறகு தரவிறக்கம், கோப்புகளைப் பிரித்து அடுக்குதல், நிறுவுதல், கடைசியாக ரீஸ்டார்ட்டின்போது பழைய கோப்புகளின் இடத்தில் புதியவற்றை நடைமுறைக்குக் கொண்டுவருதல். எந்தக் கட்டத்தில் தடை வந்தாலும் திரையில் தெரிவது ஏறத்தாழ ஒரே வாசகம்தான்: நிறுவ முடியவில்லை. அப்டேட் பற்றிப் பரவியிருக்கும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டங்களைப் பிரித்துப் பார்க்காததால் வருபவை.

அவற்றில் அதிகச் சேதம் செய்வது, "அப்டேட் ஏறவில்லை என்றால் விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும்" என்ற நம்பிக்கை. நிறுவும் வேலை முழுதாக முடியாவிட்டால், தொடங்குவதற்கு முன்பிருந்த நிலைக்கே கணினி திரும்பும்படி விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன, கணினியை அணைக்க வேண்டாம் என்று வரும் அறிவிப்பு அந்தத் திரும்புதலைத்தான் சொல்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சதவீதம் நகரவில்லை என்று பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதே இங்கு உண்மையான ஆபத்து. டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். மின்வெட்டு உள்ள ஊர்களில் மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுவைப்பதும் மேசைக் கணினிக்கு யுபிஎஸ் வைத்திருப்பதும் எந்தப் பழுதுநீக்கும் கருவியையும்விடப் பயனுள்ளவை.

நடுவில் மின்சாரம் போய், கணினி அடுத்தடுத்து எழ முடியாமல் நின்றாலும் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைத் திறக்கும். கடைசியாக ஏறிய அப்டேட்டை அங்கிருந்தே நீக்கலாம். கணினி எழுந்து, அப்டேட் மட்டும் ஏற மறுத்தால், அதே பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கி, விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை ஓட்டலாம். ஆவணங்களும் நிறுவிய மென்பொருள்களும் அப்படியே இருக்க, இயங்குதளம் மட்டும் புதிதாக அமரும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸின் ரெகவரி பக்கத்திலேயே இதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. இவ்வளவையும் தாண்டிய பிறகுதான் ஃபார்மட் என்ற பேச்சே வர வேண்டும். குடும்பப் படங்கள் தொலைந்துபோன வீடுகளில் பலவற்றில் அந்த வரிசை தலைகீழாக நடந்திருக்கும்.

பிழை எண்ணுக்குப் பொருளே இல்லை என்பதும் சரியல்ல. முன்னால் வரும் சுழியத்தையும் எக்ஸ் எழுத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 8007 என்று தொடங்கும் எண்கள் விண்டோஸின் பழைய, அடிப்படைப் பிழைகளைச் சுட்டுகின்றன. கடைசி நான்கு இலக்கங்கள் பதினாறடிமான எண். 80070070 என்பதில் அது 112, அதாவது டிஸ்க்கில் இடமில்லை. 80070005 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது. 80070002 என்றால் கோப்பு கிடைக்கவில்லை. 80070643 என்பது 1603, நிறுவல் தோல்வி என்ற பொதுவான பிழை.

ஆனால் எண்ணை மட்டும் நம்புவதும் போதாது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி 5034441 என்ற பாதுகாப்பு அப்டேட் பல கணினிகளில் 80070643 என்று சொல்லி நின்றது. உண்மைக் காரணம் இடப் பற்றாக்குறை. அதுவும் சி டிரைவில் அல்ல. மீட்புக்கருவி இருக்கும் மறைவான பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் இல்லை. பிழையைத் தெரிவிக்கும் நிரலிலும் குறை இருந்ததால், இடமில்லை என்று வர வேண்டிய இடத்தில் பொதுவான எண் வந்தது என்பதை மைக்ரோசாப்டே தன் குறிப்பில் ஒப்புக்கொண்டது. சி டிரைவை எவ்வளவு துடைத்தாலும் பலன் இருந்திருக்காது. நிறுவனம் சொன்ன வழியோ, கட்டளைகள் கொடுத்துப் பார்ட்டிஷன் அளவை மாற்றுவது. வீட்டுப் பயனரிடம் விடக்கூடாத வேலை அது. அந்த அப்டேட் அடைத்த ஓட்டை, கணினியை நேரில் கையில் வைத்திருப்பவர் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டைத் தாண்ட உதவக்கூடியது. பிட்லாக்கரே போடாத வீட்டுக் கணினிக்கு அந்த அப்டேட் ஏறாமல் நின்றதால் பெரிய இழப்பு எதுவுமில்லை. எனவே பிழை எண்ணோடு கேபி எண்ணையும் சேர்த்துத் தேட வேண்டும். இரண்டும் அப்டேட் ஹிஸ்டரி பக்கத்தில் பதிவாகியிருக்கும்.

"டி டிரைவில் 300 ஜிபி காலியாக இருக்கிறதே" என்ற கேள்வி அடிக்கடி எழும். அப்டேட் இறங்குவதும் விரிவதும் சி டிரைவில்தான். ஒரே டிஸ்க்கைச் சி, டி, ஈ என்று கூறுபோட்டு, சி-க்குக் குறைவாக ஒதுக்கித் தரும் பழைய வழக்கம் இதனால் தொல்லையாகிவிட்டது. புதிய பதிப்புக்கு மாற 20 ஜிபி அளவுக்கு இடம் வைத்திருப்பது நல்லது. இடம் பிடிக்க வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் அழிக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். விண்டோஸின் உதிரிக் கோப்புகள் இருக்கும் கிடங்கு அது. அதில் காட்டும் அளவின் ஒரு பகுதி, வேறிடத்தில் உள்ள அதே கோப்புகள் இரண்டாம் முறை கணக்கில் வருவதால் தெரியும் வீக்கம். டிஸ்க் கிளீனப் கருவி விண்டோஸ் கோப்புகளில் பாதுகாப்பாக நீக்கக்கூடியதை மட்டும் நீக்கும். அதிலும் டவுன்லோட்ஸ் என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

இணைய வேகத்தின் மேல் விழும் பழியும் பெரும்பாலும் தவறானது. இணைப்பு "மீட்டர்டு" (டேட்டா அளவுக்குட்பட்டது) என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களைத் தானாக இறக்காது. கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீடுகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நேரமும் ஒரு காரணம். அப்டேட் வெளியான பின் கணினி தொடர்ச்சியாக இரண்டு மணி நேரமும், மொத்தமாக ஆறு மணி நேரமும் இணையத்தில் இருந்தால்தான் வேலை முடிய வாய்ப்பு அதிகம் என்று 2022-இல் மைக்ரோசாப்ட் விளக்கியது. தினமும் அரை மணி நேரம் திறந்து மூடப்படும் கணினி எவ்வளவு வேகமான இணைப்பிலும் பின்தங்கும். இரவில் ஷட்டவுன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கும்போது ஷட்டவுன் இயங்குதளத்தின் மையப் பகுதியை டிஸ்க்கில் சேமித்துவைத்து, காலையில் அப்படியே எடுத்துவரும். முழுமையாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்தான். சிக்கிய அப்டேட்டுக்கு முதல் மருந்தும் அதுவே.

சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஃபோல்டரை அழித்தால் எல்லாம் சரியாகும் என்பது அரை உண்மை. அங்கே இருப்பவை தரவிறக்கிய கோப்புகளும் தேடல் குறிப்புகளும் மட்டுமே. தரவிறக்கம் ஒரே சதவீதத்தில் நிற்கும்போது, விண்டோஸ் அப்டேட், பிட்ஸ் ஆகிய சர்வீஸ்களை நிறுத்திவிட்டு அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ஹிஸ்டரிப் பட்டியல் காலியாகும்; ஏற்கெனவே ஏறிய அப்டேட்கள் போகாது. நிறுவும் கட்டத்தில் வரும் தோல்விக்கு இது உதவாது. அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில் டிஸம் கருவியை "ரீஸ்டோர்ஹெல்த்" விருப்பத்தோடு ஓட்டி, பிறகு எஸ்எஃப்சி ஸ்கேனை ஓட்ட வேண்டும். வரிசை முக்கியம். எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்றை எடுப்பது வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கிலிருந்துதான்; டிஸம் பழுதுபார்ப்பது அந்தக் கிடங்கையே. கிடங்கு கெட்டிருக்கும்போது எஸ்எஃப்சியை எத்தனை முறை ஓட்டினாலும் அதற்கு எடுத்துவைக்க நல்ல கோப்பு இருக்காது.

வேறு நிறுவன ஆன்டிவைரஸைச் சில நிமிடம் நிறுத்திவைத்தால் போதும் என்பதும் தவறு. அதன் டிரைவர் விண்டோஸின் அடியாழத்தில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். 2019 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பின் அவாஸ்ட், சோஃபோஸ் போன்றவை இருந்த விண்டோஸ் 7, 8.1 கணினிகள் ரீஸ்டார்ட்டில் உறைந்து நின்றன. சந்தேகம் வந்தால் அதை முழுதாக நீக்கிவிட்டு அப்டேட்டை ஏற்றலாம். அந்த இடைவெளியில் விண்டோஸ் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும்.

தவறிய மாதாந்திர அப்டேட்களை ஒவ்வொன்றாகத் துரத்தவும் வேண்டாம். விண்டோஸ் 10 முதல் அவை திரட்டாக வருகின்றன. இம்மாதத்தியது முந்தையவற்றையும் உள்ளடக்கியது. மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் கேபி எண்ணைக் கொடுத்து அதைக் கையாலும் இறக்கி நிறுவலாம்.

இத்தனை தொல்லைக்கு அப்டேட்டையே நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு 2017 பதில் சொல்லிவிட்டது. வானாக்ரை என்ற பணயத் தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டது. தாக்குதல் மே 12 அன்று தொடங்கியது. இடையே ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தும் திருத்தம் ஏறாத கணினிகள் உலகெங்கும் முடங்கின. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. மறுபக்கமும் உண்மைதான். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலரது ஆவணங்களை அழித்ததால், சில நாட்களிலேயே அதன் விநியோகம் நிறுத்தப்பட்டு, நவம்பரில்தான் மீண்டும் வந்தது. எனவே பாஸ் என்ற இடைநிறுத்த வசதியால் அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிவைப்பது நியாயமான எச்சரிக்கை. அந்த வசதியே ஐந்து வாரம் வரை இடம் தருகிறது. நிரந்தரமாக அணைப்பதற்கு அந்த நியாயம் கிடையாது. அப்டேட்டுக்கு முன் ஆவணங்களின் நகல் வெளி டிஸ்க்கில் இருப்பது இரண்டு ஆபத்துக்கும் பொதுவான காப்பு.

இணையதளத்தில் திடீரெனத் தோன்றும் "விண்டோஸ் அப்டேட் தேவை" என்ற சாளரத்தை நம்பவே கூடாது. 2022-இல் மேக்னிபர் என்ற பணயத் தீநிரல் இப்படிப் போலி அப்டேட் வேடத்தில்தான் வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது. அப்டேட் உண்மையில் தேவையா என்பதைச் செட்டிங்ஸுக்குள் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

விண்டோஸ் 10 கணினிக்கு எதுவுமே வரவில்லை என்றால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். அந்த இயங்குதளத்தின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது தானாக வராது, செட்டிங்ஸின் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.