டிராக்டர் கொட்டகைக்கு மாற்றுக் கூரை எது?

டிராக்டர், பவர் டில்லர், தெளிப்பான் முதலியவற்றை நிறுத்தும் கொட்டகைகள் பலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகளே கூரையாக உள்ளன. அவை பழையதாகி விரிசல் விட்டால், மாற்றுக் கூரையைத் தேர்ந்தெடுக்கும் முன் விவசாயிகள் சில விவரங்களைக் கவனிக்க வேண்டும்.

எடையும் சாய்வும்: 100 சதுர அடிப் பரப்புக்குக் கல்நார் தகடு ஏறக்குறைய 150 கிலோவும், மங்களூர் ஓடு 400 கிலோவும், அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு 45 கிலோவும் இருக்கும். தகட்டுக்காகப் போட்ட பழைய சட்டங்கள் ஓட்டின் பாரத்தைத் தாங்கமாட்டா. மேலும், ஓட்டுக்கு 2 அடி அகலத்திற்கு 1 அடி உயரம் என்ற அளவில் சாய்வு தேவை. தகட்டுக் கொட்டகைகளில் பெரும்பாலும் 5 அடிக்கு 1 அடிதான் சாய்வு. அதன் மேல் ஓடு வேய்ந்தால் மழைநீர் காற்றுடன் உள்ளே புகும். எனவே, ஓடு வேண்டுவோர் கைமரத்தையும் புதிதாக அமைக்க வேண்டும்.

கீற்று குளிர்ச்சியானது, ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டும். டீசல் உள்ள இடத்தில் தீ அபாயமும் உண்டு.

பழைய சட்டங்களை அப்படியே பயன்படுத்த விரும்புவோருக்குத் துத்தநாகமும் வண்ணமும் பூசிய இரும்புத் தகடு ஏற்றது. வெளிர் நிறம் வெப்பத்தைக் குறைக்கும். உர மூட்டைகளையும் சாணத்தையும் அதே கூரையின் கீழ் வைத்தால் தகடு விரைவில் துருப்பிடிக்கும்; வேறிடத்தில் வைக்கவும்.

காற்றுக்குப் பாதுகாப்பு: தகடு இலேசானதால் காற்று எளிதில் தூக்கிவிடும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஏராளமான கூரைகள் பறந்தன. குறுக்குச் சட்டங்களின் இடைவெளி 4 அடிக்கு மிகாமல் இருக்கட்டும். ரப்பர் வாஷருடன் திருகாணிகளைத் தகட்டின் மேட்டுப் பகுதியில் முடுக்கவும். ஓரங்களிலும் முகட்டிலும் கூடுதலாக முடுக்கவும். சட்டத்தைச் சுவருடன் இரும்புப் பட்டையால் பிணைக்கவும்.

பழைய தகட்டைப் பிரித்தல்: இதுவே மிக முக்கியம். கல்நார் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. எனவே, தகடு உடையாமல், உதிராமல் இருந்தால் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம்.

பிரிக்க நேர்ந்தால்:

1. தகட்டின் மேல் நேரடியாக ஏறாதீர்கள். உடைந்து விழுந்து உயிரிழப்பு நேரலாம். சட்டங்களின் மேல் பலகை போட்டு நிற்கவும்.

2. தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டுகளைக் கழற்றி முழுத் தகடாக இறக்கவும். சுத்தியால் அடிக்கவோ, இரம்பத்தால் அறுக்கவோ கூடாது.

3. துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் தேவை. குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்பால் அனுப்பவும். வேலை செய்த உடைகளைத் தனியே துவைக்கவும்.

4. துண்டுகளை வரப்புக்கோ, வண்டிப்பாதைக்கோ போடாதீர்கள். மாட்டுக் கொட்டகைக்கும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். கனமான பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி வைத்து, அகற்றும் முறையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறியவும்.

புதிய சிமெண்ட் தகடு வாங்குவோர், அது கல்நார் கலக்காததுதானா என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்கவும். கூரை மாற்றும் செலவைக் கணக்கிடும்போது, பழையதைப் பத்திரமாக இறக்கும் கூலியையும் சேர்த்துக்கொள்வது நல்லது.