பீட்ரூட் சாறும் இரும்பு மாத்திரையும்

கீழ்வேளூர்

சௌபாக்கியவதி மகளுக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதம்.

இரத்தசோகை என்று டாக்டர் சொன்ன பிறகும், அண்டை வீட்டம்மாள் பேச்சைக் கேட்டு நீ தினமும் பீட்ரூட் சாறு குடித்துக்கொண்டு, சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைத் தொடாமலே வைத்திருக்கிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததில், சாற்றைக் குறித்து எனக்கு ஆட்சேபம் இல்லையாயினும், மாத்திரையைக் குறித்து மெத்த விசனமுண்டாயிற்று. சிவந்ததெல்லாம் இரத்தமாகுமானால் ஆரத்தித் தட்டுத் தண்ணீரும் ஔஷதமாகிவிடுமே! நூறு கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. நம் கொல்லையில் கேட்பாரற்று நிற்கும் முருங்கையின் கீரையில் அதைவிடப் பல மடங்கு உண்டு. மாத்திரையை விடாதே, விழுங்கிய கையோடு காபியும் குடிக்காதே, இரும்பு தேகத்தில் ஒட்டாமல் போகும்.

அந்தச் சாற்றினால் மெய்யாகவே பிரயோஜனம் பெறக்கூடியவர், இரத்தக் கொதிப்புள்ள உன் மாமனார்தான். கிழங்கிலுள்ள நைட்ரேட்டை நாவில் வாழும் நுண்ணுயிர்கள் மாற்ற, அது உடலினுள் நைட்ரிக் ஆக்ஸைடாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. 2015-ல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தார், கொதிப்புள்ளவர்களுக்கு நான்கு வாரம் தினம் 250 மில்லி கொடுத்துப் பார்த்ததில், மேல் அளவு ஏழெட்டுப் புள்ளி இறங்கிற்றென்றும், நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் பழையபடி ஏறிவிட்டதென்றும் கண்டார்கள். ஆகையால் அது மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று; அவர் மாத்திரையிலும் கை வைக்காதே.

பக்குவம் சொல்கிறேன். கைக்குக் கனமாய், அழுத்தினால் அமுங்காத கிழங்காகப் பார்த்து வாங்கி, மண் போகக் கழுவி, தோலை மெல்லச் சீவி, சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டு இஞ்சியோடு ஒரு டம்ளர் நீர் விட்டு மிக்சியில் அரைத்து, எலுமிச்சை பிழிந்து உடனே குடிக்க வேண்டும். வடிகட்டினால் நார் போய்விடும். குடிக்க முடிந்தவர்கள் அப்படியே குடிக்கலாம். சர்க்கரை வேண்டவே வேண்டாம். மார்கிராஃப் என்ற ஜெர்மானியர் 1747-லேயே பீட் கிழங்கிலிருந்து சர்க்கரையை எடுத்துக் காட்டிவிட்டார்; நாம் வேறு சேர்ப்பானேன்? தண்டையும் இலையையும் எறியாதே, பருப்புப் போட்டுப் பொரியல் செய். கிழங்கைவிட இரும்பு அதில்தான் அதிகம்.

குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்தால் கலவரம் வேண்டாம், சாயந்தான். ஆனால் ஆக்ஸலேட் மிகுந்த கிழங்கு இது. மாமனாருக்கு எப்போதாவது கல்லடைப்பு வந்ததுண்டா, சிறுநீரகத்தில் கோளாறு உண்டா என்று உன் மாமியாரிடம் விசாரித்து, இருந்தால் டாக்டரைக் கேளாமல் ஒரு டம்ளர்கூடக் கொடுக்காதே. விசாரித்த விவரத்தை உடனே எழுது.

இப்படிக்கு,
பெரியப்பா