பாதி கறுப்பு, பாதி வெள்ளை

கேள்வி: பழைய ‘ஸ்டார் ட்ரெக்’கில், இருநிற முகத்தோடு இருவர் மோதும் கதை நல்ல கதையா, சுமாரா?

பதில்: பாதி அபாரம், பாதி இழுவை. 1969 ஜனவரி 10-ல் ஒளிபரப்பானது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டுகூட ஆகாத அமெரிக்காவில், நிறவெறியை இவ்வளவு நேரடியாகக் கேள்வி கேட்டதற்கே ஒரு சபாஷ்.

லோகாயை ஐம்பதாயிரம் ஆண்டுகளாகத் துரத்துகிறான் பீல். இருவரும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பிறகென்ன பகை என்று விண்கப்பலின் தலைவர் கிர்க்கும் துணைவர் ஸ்பாக்கும் குழம்ப, தனக்கு வலப்பக்கம் கறுப்பு, லோகாய்க்கு வலப்பக்கம் வெள்ளை என்கிறான் பீல். இதுகூடத் தெரியவில்லையா என்று, பீலாக நடிக்கும் ஃபிராங்க் கார்ஷின் முகத்தில் காட்டும் வியப்பு ஒன்றே போதும். ‘பேட்மேன்’ தொடரில் ரிட்லராகக் கலக்கியவர் அவர்தான்!

கிர்க் குழுவினர் தங்கள் கப்பலையே தகர்க்கும் சங்கேத எண்களைச் சொல்லும் காட்சியும் பிரமாதம். கண்களையும் உதடுகளையும் மட்டும் நெருக்கத்தில் காட்டுகிறார்கள். ஆனால் வசனம் பல இடங்களில் பிரசங்கமாகிவிடுகிறது. சொந்தக் கிரகமே அழிந்தது தெரிந்த பிறகும் இருவரும் தாழ்வாரங்களில் ஓடுகிறார்கள், ஓடுகிறார்கள், நேரத்தை நிரப்பவே ஓடுவதுபோல். பின்னணியில் எரியும் நகரங்கள் வேறு.

மூன்றாம் சீசனில் தவறவிடக் கூடாத கதைகளில் இதுவும் ஒன்று. பொறுமையோடு பாருங்கள்.