கடற்கரையில் ஒரு நாள், வயல்கரையில் இரண்டு நாள்

ஆயுத பூஜை, விஜயதசமி, அதை ஒட்டி ஒரு ஞாயிறு. மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தது. கோயம்புத்தூரில் ஒரு மில் தொழிலாளியின் குடும்பம். எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு நடந்தது.

“கடல் பார்க்கணும் அப்பா” என்றாள் மகள். மகனும் அதையே சொன்னான்.

“எனக்குக் கூட்டம் ஆகாது. கொல்லங்கோட்டில் என் மகள் வீட்டுக்குப் போகலாம்” என்றார் பாட்டி.

அப்பா இருவர் சொன்னதையும் ஏற்றுக்கொண்டார். முதல் நாள் கோழிக்கோடு. அடுத்த இரண்டு நாள் கொல்லங்கோடு.

கூட்டத்தில் கவனம்

கோழிக்கோட்டுக் கடற்கரையில் தலையா, மணலா என்று தெரியாத கூட்டம். உப்பு நீரில் ஊறிய நெல்லிக்காய், மாங்காய் விற்கும் கடைகளில் நெரிசல். அம்மா ஒரு துண்டுத் தாளில் செல்போன் எண்ணை எழுதினார். அதை மகளின் சட்டைப் பையில் வைத்தார்.

சென்னை மெரினாவிலும் இப்படித்தான் செய்கிறார்கள். காணும் பொங்கல் அன்று அங்கே பெரும் கூட்டம் கூடும். போலீசார் குழந்தைகளின் கையில் பட்டை கட்டுவார்கள். அதில் பெற்றோரின் செல்போன் எண் இருக்கும். யாரும் கடலில் இறங்காதபடி கட்டைகள் கட்டித் தடுப்பார்கள்.

மகன் கடலில் இறங்கிக் குளிக்க ஆசைப்பட்டான். “கடல் அமைதியாகத்தானே இருக்கிறது, அப்பா?” என்று கேட்டான்.

அமைதியான கடலிலும் ஆபத்து உண்டு. கேரள மீனவர்கள் அதைக் ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். கள்ளனைப் போலச் சொல்லாமல் வரும் கடல் என்பது பொருள். கரையில் காற்று இருக்காது. மழையும் இருக்காது. ஆனால் வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தெற்கே பலத்த காற்று வீசியிருக்கும். அங்கே எழுந்த அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து பொங்கும்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் இளம் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையைத் தருகிறது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இது வரும். கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கரைக்கு வந்த தண்ணீர் சில இடங்களில் ஆறு போல ஓடிக் கடலுக்குள் திரும்பும். அது ஆளையும் இழுத்துப் போகும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. களைத்து மூழ்கிவிடுவார். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த இழுப்பை விட்டு வெளியே வரவேண்டும்.

மகன் கடலில் இறங்கவில்லை. கால் நனையும் இடத்தில் அப்பாவின் கையைப் பிடித்து நின்றான்.

கொல்லங்கோட்டில்

மாலையில் ரயில் ஏறிப் பாலக்காடு வந்தார்கள். அங்கிருந்து பஸ்ஸில் கொல்லங்கோடு. இரவில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் குழந்தைகள் வியந்தார்கள்.

எதிரே நெல் வயல்கள். அவற்றுக்கு அப்பால் நெல்லியாம்பதி மலை. மழை பெய்திருந்ததால் மலைச் சரிவில் அருவிகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. வரப்புகளில் பனை மரங்கள். பக்கத்தில்தான் மாம்பழத்துக்குப் பேர் போன முதலமடை. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர்கள் இவை.

2023-ல் இந்த ஊரின் படங்கள் செல்போன்களில் பரவின. வெளியூரிலிருந்து பலர் வரத் தொடங்கினார்கள்.

“ஆட்கள் வந்தால் டீக்கடைக்கு வியாபாரம். ஆட்டோக்காரருக்கும் வருமானம். வரவேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பாட்டிலையும் பையையும் வாய்க்காலில் போட்டுவிட்டுப் போகிறார்கள்” என்றார் அத்தை.

மகன் போட்டோ எடுக்க வயலில் கால் வைத்தான். மாமா தடுத்தார்.

“மாப்பிள்ளை, வரப்பிலேயே நில்லுங்க. இது அறுப்புக்கு நிற்கிற நெல். மிதித்தால் கதிர் சாயும். சேற்றில் விழுந்த நெல் முளைத்துப் போகும். ஒருத்தர் மிதித்தால் தெரியாது. நூறு பேர் மிதித்தால்?”

மகன் வரப்புக்கு வந்தான். மாமா மடையைக் காட்டினார். அதில் பிளாஸ்டிக் பை அடைத்திருந்தது. அதனால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. சேற்றில் கண்ணாடிச் சில்லும் கிடந்தது. களை எடுக்கும் பெண்களின் காலை அது கிழிக்கும். அப்பாவும் மகனும் இரண்டையும் எடுத்து ஒரு சாக்கில் போட்டார்கள்.

அருவியைப் பற்றியும் மாமா எச்சரித்தார். கீழே வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்யலாம். திடீரென்று வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

நாம் ஓய்வுக்குப் போகும் இடம் வேறு ஒருவர் பிழைக்கும் இடம். கடல் மீனவருக்குத் தொழில். வயல் உழவருக்குச் சோறு. அங்கே வாழ்பவர் சொல்லைக் கேட்டு நடந்தால் நமக்கும் ஆபத்து இல்லை, அவர்களுக்கும் நட்டம் இல்லை.

நினைவில் வையுங்கள்

1. கூட்டத்துக்குப் போகும்போது குழந்தையிடம் செல்போன் எண் எழுதிக் கொடுங்கள்.
2. எச்சரிக்கை உள்ள நாளில் கடலில் இறங்காதீர்கள்.
3. வயலில் இறங்காதீர்கள். வரப்பில் நடங்கள்.
4. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.
5. ஆபத்தில் 112 என்ற எண்ணை அழையுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. கள்ளக்கடல் என்று ஏன் பெயர் வந்தது?
2. மடை அடைத்தால் யாருக்கு நட்டம்?
3. உங்கள் ஊருக்கு வெளியூர் ஆட்கள் வந்தால் அவர்களிடம் என்ன சொல்வீர்கள்? மூன்று வரி எழுதுங்கள்.